மதம் என்ற கட்டத்தில் எழுதிய ஒரு சொல்

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

திருவையாற்றுப் பக்கம், குடமுருட்டிக் கரையோரக் கிராமத்திலிருந்து முப்பத்தொரு வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தஞ்சாவூரில் தனியார் வேலை. பெற்றோர், மனைவி, ஐந்து வயது மகளுடன் ஒரே வீட்டில் இருக்கிறார். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, விண்ணப்பத்தில் ‘மதம்’ என்ற கட்டத்தில் ‘மதத்தை எதிர்ப்பவர்’ என்று பொருள்படும் ‘ஆன்ட்டிரிலிஜியஸ்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் இருந்தவர் “இது எந்த மதம்?” என்று கேட்டார். தலைமையாசிரியை எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இவர் வீடு திரும்புவதற்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது.

அப்பா ஊர்க் கோயில் திருவிழாவில் மூன்றாம் நாள் செலவை ஏற்கும் மண்டகப்படிக்காரர். “நாஸ்திகனுக்கு என் நிலத்தில் ஒரு குழிகூடக் கிடையாது” என்று சொல்லிவிட்டார். மனைவி பேசுவதை நிறுத்திவிட்டார். சென்ற ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரைக்கு வர மறுத்ததிலிருந்தே அவருக்கு மனக்குறை. அண்ணனோ, “கெஜட்டில் அறிவிப்புக் கொடுத்து மதத்திலிருந்து வெளியேறினால்தான் நீ எழுதியது செல்லும், வெளியேறினால் பிள்ளைக்குப் பிற்படுத்தப்பட்டோர் சலுகை போய்விடும்” என்கிறார்.

வாசகரின் கேள்விகள்: அந்தச் சொல் சரியா, அதன் எழுத்துகள் எவை? அப்படி எழுதுவது குற்றமா? மதக் கட்டத்தை வெறுமையாக விட முடியுமா? நிலத்தில் பங்கு போய்விடுமா? மகளின் சலுகை என்ன ஆகும்?

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் ஒரு செய்தி இருந்தது. ஊர்த் தேர் நான்கு வீதியும் சுற்றும். ஆனால் தம் பள்ளித் தோழன் வாழும் தெருவின் முனையோடு திரும்பிவிடும். பத்து வயதில் அந்தத் தோழனுடன் முனையில் நின்று பார்த்ததாக எழுதியிருக்கிறார். என் பதில் அந்த அடைப்புக்குறியைச் சுற்றியே அமையும்.

அன்புள்ள தம்பி,

முதலில் எழுத்துகளைப் பார்த்துவிடுவோம். நீங்கள் அந்தச் சொல்லை ‘ஏ, என், டி, ஈ’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். ‘எதிர்’ என்ற பொருள் தரும் கிரேக்க முன்னொட்டு ‘ஏ, என், டி, ஐ’ என்று முடியும். ‘ஈ’யில் முடிவது இலத்தீனிலிருந்து வந்த வேறொரு முன்னொட்டு, அதற்கு ‘முன்’ என்று பொருள். உங்கள் மனைவி கருவுற்றிருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச்சென்ற அட்டையில் ‘ஆன்ட்டிநேட்டல்’ என்று இருந்திருக்குமே, அது இந்த ‘ஈ’யைக் கொண்டதுதான், பிறப்புக்கு முந்தைய என்று பொருள். இரண்டாவது பிழை, ‘ரிலிஜியஸ்’ என்பதில் ‘ஜி’க்கும் ‘ஓ’வுக்கும் நடுவே வர வேண்டிய ‘ஐ’யை விட்டுவிட்டீர்கள். ஆர், ஈ, எல், ஐ, ஜி, ஐ, ஓ, யூ, எஸ். முன்னொட்டைச் சேர்த்தே எழுதலாம், நடுவில் சிறு கோடு இட்டும் எழுதலாம். இரண்டும் வழக்கில் உள்ளவை.

ஆக, நீங்கள் எழுதிக் கொடுத்த வடிவத்தை எழுத்தெழுத்தாகப் படித்தால் ‘மதத்துக்கு முந்தைய’ என்றுதான் பொருள் வரும். ஐந்து வயதுப் பிள்ளையைப் பற்றிய விண்ணப்பம் அது. அவள் விஷயத்தில் பிழையான சொல்லே சரியான சொல்லோ என்று எனக்குத் தோன்றியது. அவள் இன்னும் எதையும் ஏற்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை.

கடிதம் முழுவதும் உங்கள் கண்ணில் படாத ஒன்று இதுதான். அந்தக் கட்டம் உங்களைக் கேட்கவில்லை, தம்பி. உங்கள் மகளைப் பற்றிக் கேட்கிறது. உங்கள் போராட்டத்தை அவள் தலையில் எழுதிவிட்டீர்கள். அதுவும் அவளுடைய அம்மாவிடம் ஒரு சொல் கேட்காமல். உங்கள் மனைவி பேசாமல் இருப்பதற்கு அவருடைய பக்தி மட்டும் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவரைக் கேட்காமல் முடிவெடுத்ததே முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன். பிள்ளை விஷயத்தில் தாயும் காப்பாளர்தான். தந்தை உயிரோடு இருந்தாலே தாய்க்கு இடமில்லை என்று சட்டத்தைப் படிக்கக் கூடாது என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பகுத்தறிவு பேசுகிற நீங்கள் இதை முதலில் ஏற்றிருக்க வேண்டும்.

சொல்லின் பொருள்

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துச் சொற்கள் பல. ‘ஏதியிஸ்ட்’ என்பவர் கடவுள் இல்லை என்பவர். இதிலும் பலர் ‘ஈ’யையும் ‘ஐ’யையும் இடம் மாற்றிவிடுவார்கள். சொல்லுக்குள் கடவுளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘தியோஸ்’ இருக்கிறது; ஆகவே ‘டி, ஹெச், ஈ’ சேர்ந்தே வரும், ‘ஐ’ அதன் பிறகுதான். ‘அக்னாஸ்டிக்’ என்பவர் கடவுள் உண்டா இல்லையா என்று அறிய வழியில்லை என்பவர். தாமஸ் ஹக்ஸ்லி 1869-இல் உருவாக்கிய சொல் இது. ‘இர்ரிலிஜியஸ்’ என்றால் மதப் பற்று இல்லாதவர். இரண்டு ‘ஆர்’ வரும். சில இடங்களில் அது வசைபோலவும் ஒலிக்கும். ‘நான்ரிலிஜியஸ்’ என்பது எந்தச் சூடும் இல்லாத சொல். மதம் சாராதவர், அவ்வளவுதான்.

நீங்கள் எடுத்த சொல் இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது. மதம் என்ற ஒன்றையே எதிர்த்து நிற்பதை அது குறிக்கும். தனி மனிதரைக் காட்டிலும் இயக்கங்களுக்கும் அரசின் கொள்கைகளுக்குமே அதிகம் பயன்படுகிறது. சோவியத் நாட்டில் 1925-இல் தொடங்கிய இறைமறுப்பாளர் கழகமும், தேவாலயங்களை மூடிய அந்த அரசின் நடவடிக்கைகளும் வரலாற்றில் இந்தச் சொல்லால் குறிக்கப்படுகின்றன. உங்கள் மனைவி ஆடிப்பெருக்கன்று காவிரிக்குக் காதோலை, கருகமணி, காப்பரிசி வைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நேர்ந்துகொண்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவற்றை ஒழிக்கப் புறப்பட்டவரா நீங்கள்? கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. அம்மா மாடத்தில் ஏற்றும் விளக்கைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் நான்கு வரிகளை நான் இரண்டு முறை படித்தேன். எதிர்ப்பவர் எழுத்து அதுவல்ல.

உங்கள் அப்பா சொன்ன சொல்லையும் திருத்த வேண்டும். பழைய வடமொழித் தத்துவ மரபில் நாஸ்திகம் என்பது முதன்மையாக வேதத்தின் அதிகாரத்தை ஏற்காததைக் குறித்தது. அதனால்தான் பௌத்தரும் சமணரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். படைத்த இறைவனை வலியுறுத்தாத சாங்கியமோ வேதத்தை ஏற்றதால் ஆஸ்திகப் பட்டியலில் இருந்தது. இவர்கள் எல்லாரும் காவிரிக் கரையில் வாழ்ந்தவர்கள்தாம். காவிரிப்பூம்பட்டினமான புகாரில் இந்திர விழா தொடங்கும்போது முரசறைபவன், சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி முறையறிந்து வாதிடட்டும், பகைவரோடும் பூசல் வேண்டாம் என்று அறிவிப்பதாக மணிமேகலை சொல்கிறது. அதே காப்பியம், ஐம்பூதங்களுக்கு அப்பால் எதுவும் இல்லை என்ற பூதவாதியையும் ஒரு சமயவாதியாக வரிசையில் நிறுத்துகிறது. மறுப்பவருக்கும் ஒரு பெயரும் இடமும் இந்த மண்ணில் பழையவை. இதை அப்பாவிடம் சண்டையில்லாத ஒரு மாலையில் சொல்லிப் பாருங்கள்.

தேர் திரும்பும் முனை

இனி அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். நீங்கள் எதிர்ப்பது மதத்தை அல்ல. தேர் ஒரு தெருவுக்குள் போகாததை எதிர்க்கிறீர்கள். அதற்குச் சரியான பெயர் தீண்டாமை. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு அதை ஒழித்துவிட்டதாக அறிவிக்கிறது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947-இலேயே வந்துவிட்டது. 1955-இன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும், 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. இவற்றில் எது உங்கள் ஊருக்குப் பொருந்தும் என்பது, தேர் திரும்புவதற்கு என்ன காரணம் சொல்லப்படுகிறது, அந்தத் தெருவில் தேர் திரும்ப அகலம் இருக்கிறதா, அங்குள்ளவர்கள் எப்போதாவது கேட்டு மறுக்கப்பட்டார்களா என்பவற்றைப் பொறுத்தது. அவர்கள் கேட்க விரும்புகிறார்களா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் தாய்வழித் தாத்தா 1957-இல் சிறை சென்றவர் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி தஞ்சாவூரில் கூடிய திராவிடர் கழக மாநாட்டின் முடிவுப்படிதான் நவம்பர் 26 அன்று போராட்டம் நடந்தது. அரசியலமைப்பில் சாதியைப் பாதுகாப்பதாகப் பெரியார் கருதிய பகுதிகளைக் கொளுத்தும் போராட்டம் அது. எதை எதிர்க்கிறோம் என்பதில் உங்கள் தாத்தாவுக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. மறுபக்கம், வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகில் திருப்புன்கூரில் நந்தி விலகி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நந்தனாரும் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்தான்; அவர் பக்தர். ஒரே அநீதியை மதத்துக்கு வெளியே நின்றும் எதிர்க்கலாம், உள்ளே நின்றும் எதிர்க்கலாம். உங்கள் அப்பா மண்டகப்படிக்காரர் என்பதால் திருவிழாக் கூட்டத்தில் அவருக்குச் சொல் உண்டு. ‘ஆன்ட்டிரிலிஜியஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய மகனால் அந்தக் கூட்டத்தில் ஒன்றும் பேச முடியாது. “தேர் அந்தத் தெருவுக்கும் போகட்டும் அப்பா” என்று கேட்கிற மகனுக்காக அப்பா பேசக்கூடும்.

குற்றமா?

இல்லை. அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மத சுதந்திரத்தைச் சொல்லும்போது மனச்சான்றின் சுதந்திரத்தைத்தான் முதலில் வைக்கிறது. மறுக்கும் உரிமையும் அதற்குள் அடங்கும். ஒருவரை மதத்தை அறிவிக்கும்படி அரசு கட்டாயப்படுத்த முடியாது, ‘எந்த மதத்தையும் சாராதவன்’ என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று 2014-இல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் என்று பதிவானோர் ஏறத்தாழ 28.7 லட்சம் பேர். குற்றம் வேறிடத்தில் தொடங்குகிறது. ஒரு பிரிவினரின் மத உணர்வைத் திட்டமிட்டு, தீய எண்ணத்தோடு புண்படுத்துவதற்கு பாரதிய நியாய சம்ஹிதையின் 299-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவுதான் இது. படிவத்தில் ஒரு சொல் எழுதுவது அதன் அருகில்கூட வராது. ஆனால் கோபத்தில் கைபேசியில் எழுதி ஊர்க் குழுவுக்கு அனுப்புகிறவர்கள் இந்தப் பிரிவில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கவனமாக இருங்கள்.

நிலம்

கடவுளை மறுத்தால் பங்கு போகும் என்பது தவறு. இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்துவதற்கு நம்பிக்கை தேவையில்லை. முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாதவர்களையும் அது தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. இந்து பெற்றோருக்குப் பிறந்து வேறு மதத்துக்குப் போகாதவர் அதற்குள்தான் இருப்பார். புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணமே, 1967-இல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின் மூலம் இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் இடம்பெற்றிருக்கிறது. வேறு மதத்துக்கே போனாலும் சொத்துரிமையைப் பறிக்கக் கூடாது என்று 1850-இலேயே சட்டம் வந்த நாடு இது.

ஆனால் நீங்கள் வேறொன்றைத் தவறாக நம்புகிறீர்கள். “தாத்தா நிலம், அதனால் எனக்குத் தானாகப் பங்கு உண்டு” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்பது மா (ஏறத்தாழ மூன்று ஏக்கர்) நிலத்தையும் உங்கள் தந்தைவழித் தாத்தா தம் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் 1988-இல் இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்த பங்கு அவருடைய தனிச் சொத்து. 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தாத்தாவுக்கே அது முன்னோர் வழி வந்திருந்தால் கணக்கு மாறும். ஒரு பகுதியில் உங்களுக்குப் பிறப்புரிமை இருக்கலாம். கோயில் குத்தகை நிலமாக இருந்தால் அது முற்றிலும் தனி வழக்கு. மூலப்பத்திரம், பட்டா, சிட்டா மூன்றையும் பார்க்காமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. இன்னொன்று. பங்கு பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், உங்களுக்கு ஓர் அக்கா இருப்பதை மகளின் காதணி விழா பற்றிய வரியில்தான் குறிப்பிடுகிறீர்கள். உங்களுக்கு உள்ள உரிமை அவருக்கும் சமமாக உண்டு.

வெறுமையாக விடுவதும் சான்றிதழ் வாங்குவதும்

இவை இரண்டும் வேறு. அண்ணன் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதக் கட்டங்களைப் பெற்றோர் விரும்பினால் வெறுமையாக விடலாம், அல்லது ‘இல்லை’ என்று எழுதலாம் என்று தமிழ்நாடு அரசு 1973-இலும் 2000-இலும் ஆணை பிறப்பித்திருக்கிறது. இதற்குக் கெஜட் அறிவிப்புத் தேவையில்லை. பள்ளிப் படிவம் வெறுமையாக இருப்பதாலேயே இடஒதுக்கீடும் போய்விடாது. அதற்கான ஆவணம் வருவாய்த் துறை தரும் சாதிச் சான்றிதழ்தான்.

‘சாதி, மதம் அற்றவர்’ சான்றிதழ் வேறு வகை. திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 2019 பிப்ரவரியில் பெற்றது அது. அவர் பல ஆண்டுகள் அலைந்து வாங்கினார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், விண்ணப்பித்த ஒருவருக்கு அத்தகைய சான்றிதழ் தரும்படி உத்தரவிட்டதோடு, இதற்கென அரசாணை வெளியிடவும் அரசுக்குச் சொன்னது. மகளுக்கு அதை வாங்கினால் அவள் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கு வெளியே, மீதி 31 விழுக்காட்டுப் பொதுப் போட்டியில் நிற்பாள். வசதியுள்ள வீட்டில் அது பெருமைக்குரிய முடிவாக இருக்கலாம். ஒன்பது மாவையும் ஒரு சம்பளத்தையும் நம்பியிருக்கும் வீட்டில், ஐந்து வயதுப் பிள்ளைக்காக அதை இப்போது செய்யாதீர்கள். பதினெட்டு வயதுக்குப் பின் அவளே தேர்ந்தெடுக்கட்டும். பட்டியல் சாதி வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்கே உரியது. மதமில்லை என்று ஆவணத்தில் எழுதுமுன் அவர்கள் கட்டாயம் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

உங்களைப் பற்றி உங்கள் படிவங்களில் நீங்கள் எழுதுவது வேறு. அங்கே ‘மதம் இல்லை’ என்றோ ‘நான்ரிலிஜியஸ்’ என்றோ தயங்காமல் எழுதுங்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தாலும் கடவுள் பெயரில் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி உளமார உறுதி கூறினால் போதும்.

பள்ளிக்கு ஒரு திருத்தக் கடிதம் கொடுங்கள். “முன்பு அளித்த விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தில் எழுதியதை நீக்கிக்கொள்கிறோம்” என்பதே முதல் வரியாக இருக்கட்டும். அடுத்த வரியை நான் எழுதித் தர மாட்டேன். கட்டத்தை வெறுமையாக விடுவதா, குடும்ப வழக்கப்படி நிரப்புவதா என்பதை உங்கள் மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அவர் நிரப்ப வேண்டும் என்றால் நிரப்புங்கள். ‘எழுதினேன்’ என்று வராமல் ‘எழுதுகிறோம்’ என்று வர வேண்டும், இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். ஆடி பதினெட்டு வருகிறது. கும்பிட வேண்டியதில்லை, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு படித்துறையில் அவர் பக்கத்தில் நில்லுங்கள், வெள்ளம் இழுக்கும் நாள் அது.

நிலப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு, முடிந்தால் அக்காவையும் அழைத்துக்கொண்டு, உங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். கட்டணம் தடையாக இருந்தால் தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே முதலில் தேரைப் பற்றிப் பேசுங்கள், நிலத்தை அடுத்துப் பேசலாம்.